டெக்சாஸில் வகுப்பறைக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாமா? அந்தச் "சேவல்" போராட்டம் உண்மையா?

அக்காள்மடத்துக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடைக்காலம் 61 நாளும் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் கரையில்தான். ஏப்ரல் 15-இலிருந்து படகு ஓரம் கட்டியாச்சு, காலையில் பெயின்ட் வேலை, மத்தியானம் வலையில் கிழிசல் பார்ப்பது, அது முடிந்தால் வேப்பமரத்தடியில் போனை வைத்துக்கொண்டு யூடியூப். அந்த யூடியூப்தான் இப்போது வினையாகிவிட்டது. என் சின்ன அண்ணன் மகளுக்கு அமெரிக்காவில் ஆஸ்டின் என்கிற ஊரில் இருக்கும் டெக்சாஸ் யுனிவர்சிட்டியில் எம்.எஸ். கிடைத்திருக்கிறது. பேங்க் லோன் ஆகிவிட்டது, விசா வந்துவிட்டது, ஆகஸ்டில் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பாம்பன் பாலத்தைத் தாண்டிப் படிக்கப் போன முதல் பெண்பிள்ளை அவள்தான் என்பதால் எல்லாருக்கும் பெருமை.

போன வாரம் பெரியண்ணன் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்த ஊரில் மாணவர்கள் வகுப்புக்குள்ளேயே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமாம், பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று பிடிவாதமாக நிற்கிறார். "கடலில்தான் குண்டுக்குப் பயந்து கிடக்கிறோம், படிக்கப் போகிற இடத்திலுமா?" என்று கேட்டார். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

மகள் சும்மா இல்லாமல், "பெரியப்பா, அங்கே எல்லாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, 2016-இல் பெரிய போராட்டம் நடந்திருக்கிறது" என்று போனில் படத்தைக் காட்டிவிட்டாள். அந்தப் படத்தில் பிள்ளைகள் பையில் எதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, என்ன அது என்று என்னைக் கேட்டார். தலைப்பில் இருந்த ஆங்கில வார்த்தைக்குச் சேவல் என்றும் ஒரு அர்த்தம் உண்டல்லவா, நான் சட்டென்று "சேவல், அண்ணே" என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். இப்போது அவர் கரை முழுக்க, அமெரிக்காவில் பிள்ளைகள் சேவலைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்ப் போராடினார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சரி, என் கேள்வி. அந்தச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? அப்படி ஒரு போராட்டத்தால் ஏதாவது பிரயோஜனம் இருந்ததா, இல்லை வெறும் கூத்தா? அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டும்.


கீழக்கரை காக்கா:

அண்ணே, சட்டம் உண்மை. போராட்டமும் உண்மை. சேவல் ஒன்றுதான் உங்கள் கைவேலை.

நான் அங்கே எம்.எஸ். சேர்ந்தது சரியாக அந்த 2016 ஆகஸ்டில். செனட் பில் 11 என்று பெயர், 'கேம்பஸ் கேரி' என்பார்கள். 2015 ஜூனில் கவர்னர் கிரெக் அபாட் கையெழுத்துப் போட்டார், அதுவும் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகுகிற ஒரு கூடத்தில் போய் உட்கார்ந்து. நடைமுறைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 1. அந்தத் தேதிக்கு ஒரு கதை உண்டு. 1966-இல் அதே ஆகஸ்ட் 1 அன்றுதான் சார்லஸ் விட்மன் என்பவன் அந்த யுனிவர்சிட்டி டவரின் மேலே ஏறி நின்று கீழே நடந்தவர்களைச் சுட்டான், ஒரு டஜனுக்கு மேல் செத்தார்கள். 50 வருஷம் கழித்து அதே நாளில் இந்தச் சட்டம். வேண்டுமென்றே வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒருத்தருக்கும் காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள்.

உங்கள் பெரியண்ணன் நினைப்பது மாதிரி ஆளாளுக்கு இடுப்பில் துப்பாக்கி தொங்காது. சட்டம் வந்தபோது 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருந்தது (பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு), லைசென்ஸ் வேண்டும், வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருக்க வேண்டும். 2021-இலிருந்து டெக்சாஸில் ரோட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள், ஆனால் கேம்பஸுக்குள் லைசென்ஸ் இன்னும் கட்டாயம். எங்கள் யுனிவர்சிட்டியில் ஹாஸ்டல் அறைகளில் பெரும்பாலும் அனுமதி இல்லை, விளையாட்டுப் போட்டி நடக்கும் ஸ்டேடியத்தில் இல்லை, ஆபத்தான ரசாயனம் இருக்கும் லேபில் இல்லை. பேராசிரியர் தன் சொந்த அறைக்குள் கொண்டுவராதே என்று சொல்லலாம், பாடம் நடத்தும் வகுப்பறையில் சொல்ல முடியாது. தனியார் யுனிவர்சிட்டிகள் எங்களுக்கு வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம், ரைஸ் மாதிரிப் பெரிய இடங்கள் விலகிக்கொண்டன. அரசு யுனிவர்சிட்டிக்கு அந்த வசதி கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது டெக்சாஸ் யுனிவர்சிட்டி அமைப்புக்கே தலைவராக இருந்த வில்லியம் மெக்ரேவன், பின்லேடனைப் பிடிக்கப் போன ஆபரேஷனை நடத்திய அட்மிரல், அவரே இந்தச் சட்டம் வேண்டாம் என்றார். துப்பாக்கியைக் கண்டு பயப்படுகிற ஆளா அவர்?

அப்புறம் அந்தப் போராட்டம். டெக்சாஸ் சட்டப்படி ஆபாசமான பொருளைப் பொது இடத்தில் பிறர் கண்ணில் படும்படி காட்டினால் 500 டாலர் வரை அபராதம் போடலாம். அதாவது ரப்பரில் செய்த ஆண்குறியைப் பையில் தொங்கவிட்டால் வழக்கு வரலாம், அதே பைக்குள் தோட்டா போட்ட பிஸ்டல் இருந்தால் வராது. இந்த முரணைப் பிடித்துக்கொண்டு ஜெசிகா ஜின் என்பவர் 2015 அக்டோபரில் பேஸ்புக்கில் ஒரு அழைப்பைப் போட்டார், அது கிடுகிடுவென்று பரவிவிட்டது. போராட்டத்தின் பெயர் 'காக்ஸ் நாட் குளோக்ஸ்'. குளோக் என்பது ஆஸ்திரியா நாட்டுப் பிஸ்டல், அந்தப் பெயரோடு எதுகை சேரட்டும் என்றுதான் உங்கள் 'சேவல்' வார்த்தை வந்தது. வகுப்பு தொடங்கிய நாள், 2016 ஆகஸ்ட் 24, அந்த ரப்பர் சாமான் 4,000-க்கும் மேல் இனாமாகவே கொடுத்தார்கள், எல்லாம் கடைக்காரர்கள் நன்கொடை.

நான் ஊரிலிருந்து போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. வகுப்பில் எனக்கு முன் வரிசையில் ஒரு பெண், பையில் ரோஸ் கலரில் ஒன்றைக் கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் பையை நகர்த்தும்போதெல்லாம் அது மேஜைக் காலில் இடித்து டப், டப் என்று சத்தம். பேராசிரியர் போர்டைப் பார்த்தபடியே பாடம் நடத்தினார். எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, ராத்திரி உம்மா போன் பண்ணி முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்டால் என்ன சொல்ல என்று அதே யோசனை. அரை மணி நேரம் இப்படி நெளிந்துகொண்டிருந்த பிறகுதான் உறைத்தது. கண்ணுக்குத் தெரிகிற ரப்பருக்கு இந்தப் பாடு படுகிறேனே, இந்த அறையில் இருக்கிற நூறு பையில் எதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லையே? நினைக்காமல் இருப்பதற்குத்தானே மறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகத் திரும்பி எல்லார் பையையும் பார்த்தேன்.

பிரயோஜனம் என்று கேட்டால், சட்டம் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வருஷம் அங்கே பேச்சு முழுக்க அதுதான். நோபல் பரிசு வாங்கிய ஸ்டீவன் வைன்பெர்க் என் வகுப்பில் துப்பாக்கிக்கு இடமில்லை, வழக்கு போட்டால் போடட்டும் என்றார். பொருளாதாரப் பேராசிரியர் டேனியல் ஹேமர்மெஷ் அங்கே பாடம் நடத்துவதை விட்டுவிட்டு சிட்னிக்குப் போனார். கட்டடக்கலைப் பள்ளியின் டீன் பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டார். ஹூஸ்டன் யுனிவர்சிட்டியில் ஆசிரியர்களுக்குக் காட்டிய ஒரு ஸ்லைடில், சர்ச்சையான விஷயத்தைப் பேசும்போது ஜாக்கிரதை, சில பாடங்களை விட்டுவிடலாம், மாணவன் கோபமாக இருப்பதாகத் தெரிந்தால் மேலே போகாதீர்கள் என்று இருந்தது. எனக்கு அந்த ரப்பரைவிட இதுதான் ஆபாசமாகப் பட்டது.

மகளுக்கு ஒன்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகவே தடுக்கிறது, வேட்டை லைசென்ஸ் மாதிரிச் சில விலக்குகள் தவிர. கூடப் படிப்பவர்கள் சும்மா ஜாலிக்கு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகலாம் வா என்பார்கள், போட்டோவுக்குக்கூடக் கையில் வாங்க வேண்டாம். மற்றபடி நான் இருந்த இரண்டு வருஷத்தில் ஒரு துப்பாக்கியையும் கண்ணால் பார்த்ததில்லை. பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ராத்திரி லேபில் தனியாக இருக்கும்போது கதவு படார் என்று சாத்தினால் ஒரு நொடி நெஞ்சு அடிக்கும்.


பழைய ஹவில்தார்:

தம்பிமார்களே, நான் 17 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன், பிறந்தது கமுதிப் பக்கம், இப்போது தேவிபட்டினத்தில் வீடு. கையில் லைசென்ஸ் வைத்திருப்பவன் பக்கத்து நியாயத்தையும் ஒருத்தர் சொல்ல வேண்டாமா?

அடையாளப் போராட்டம் என்றால் எதிர்த்தரப்பு மட்டும்தான் செய்தது என்று நினைக்க வேண்டாம். 2007 ஏப்ரலில் வெர்ஜீனியா டெக்கில் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த வருஷம் அக்டோபரிலேயே அமெரிக்கா முழுக்கப் பல காலேஜ்களில் மாணவர்கள் இடுப்பில் வெறும் உறையை மட்டும் மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். உள்ளே துப்பாக்கி இல்லை. எங்களைக் காத்துக்கொள்ள விடாமல் வெறும் உறையோடு உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். எனக்கு அந்த வெற்று உறைதான் பிடித்தது, யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை, பார்த்தவுடன் புரிகிறது. அப்புறம் அந்த டவர் கதை சொன்னீர்கள் காக்கா, முழுசாகச் சொல்லுங்கள். அன்றைக்குக் கீழே இருந்த பொதுமக்களும் வீட்டிலிருந்து ரைபிளை எடுத்து வந்து மேலே திருப்பிச் சுட்டார்கள், அதனால்தான் அவன் தலையைத் தூக்க முடியாமல் பதுங்கினான் என்று ஒரு கட்சி இன்றுவரை வாதாடுகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு வயசுப் பையன்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் பழக்கியவன் நான். பட்டாளத்தில்கூட டியூட்டி முடிந்தால் ஆயுதத்தைக் கோத்தில் (ஆயுதங்களைப் பூட்டி வைக்கும் அறை) ஒப்படைத்து, நம்பர் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போக முடியும். மெஸ்ஸுக்குத் துப்பாக்கியோடு வந்தால் சுபேதார் சாகிப் தோலை உரித்துவிடுவார். அத்தனை பயிற்சி எடுத்தவனுக்கே இந்தக் கட்டு என்றால், சில மணி நேரம் கிளாஸ் கேட்டு லைசென்ஸ் வாங்கிய பிள்ளை அதைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிவது எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டம் வந்து ஒன்றரை மாதத்துக்குள்ளேயே, 2016 செப்டம்பரில், டார்ல்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. என்னிடம் இருப்பது கான்பூர் .32 ரிவால்வர். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும். ஒரு தடவை கொடுத்துவிட்டு இரண்டரை மாதம் கழித்துத் திரும்ப வாங்கும்போது துணிப்பையோடு ஜன்னல் ஓரத்தில் கிடந்தது, கடற்காற்று சும்மா விடுமா, குழல் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு, சிலிண்டர் சுற்றவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரலில் தோல் உரிந்ததுதான் மிச்சம். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். வீட்டம்மாள் சொன்னாள், "இப்பத்தான் அது யாருக்கும் கெடுதல் பண்ணாத பொருளா இருக்கு, அப்படியே விடுங்க."


மண்டபம் வாத்தியார்:

எனக்கு இந்த ரப்பர் விவகாரத்தில் உடன்பாடு இல்லை. கூச்சத்தினால் சொல்லவில்லை, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விடலைப் பையன்களை மேய்த்தவனுக்கு என்ன கூச்சம். போராட்டத்தில் கையில் எடுக்கிற பொருள் தானே பேச வேண்டும். நம் பெண்கள் காலிக்குடத்தைக் கொண்டுவந்து ரோட்டில் வைத்தால் யாராவது என்ன கோரிக்கை என்று கேட்கிறார்களா? முதுகுளத்தூரோ சாயல்குடியோ, பஸ் டிரைவர் தூரத்தில் குடத்தைப் பார்த்தவுடனே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி டீக்கடைக்குப் போய்விடுவார். டெல்லியில் 2017-இல் நம் விவசாயிகள் மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், எலியை வாயில் கவ்வினார்கள். மொழி தெரியாத டெல்லிக்காரனுக்கும் புரிந்தது. இங்கே என்னடா என்றால் ஆபாசச் சட்டம் ஒன்று, துப்பாக்கிச் சட்டம் ஒன்று, இரண்டையும் விளக்கி, எதுகையை விளக்கி, அதற்கப்புறம்தான் சிரிப்பு வருகிறது. பேப்பரில் வந்தது ரப்பர்தான், கோரிக்கை மூன்றாவது பத்தியில் எங்கேயோ கிடந்தது.

அதே அமெரிக்காவில் 2018 மார்ச் 13 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் புல்தரையில் 7,000 ஜோடிச் செருப்பு, ஷூ எல்லாம் வரிசையாக வைத்தார்கள். 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த கொலைகளுக்கு அப்புறம் துப்பாக்கியால் செத்த பிள்ளைகளுக்கு ஒரு ஜோடி வீதம். ஒரு கோஷமும் தேவைப்படவில்லை. வீட்டு வாசலில் செருப்பு கிடக்கிறது, ஆள் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2017 மார்ச்சில் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் கடலில் குண்டடிபட்டுச் செத்தபோது (இலங்கைக் கடற்படை நாங்கள் சுடவில்லை என்றது) ஜனங்கள் உடலை வாங்காமல் பல நாள் உட்கார்ந்திருந்தார்களே, அங்கே நானும் போய் உட்கார்ந்தேன். படகுகளில் கருப்புக்கொடி. பந்தலுக்குள் பெரும்பாலும் யாரும் பேசக்கூட இல்லை. அந்த இடத்தில் யாராவது வேடிக்கைப் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் அடித்திருப்பார்கள்.

ஆனால் கனமாகச் செய்தால் காரியம் நடந்துவிடும் என்றும் சொல்ல வரவில்லை. எங்கள் தெரு ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்ததற்கு மழைத்தண்ணீரில் நாற்று நடும் போராட்டம் நடத்தினோம். போட்டோ வந்தது, அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார், தலையாட்டினார், போனார். ரோடு போட இரண்டு வருஷம். நாற்று மட்டும் ஜம்மென்று வளர்ந்து ஆட்டுக்கு ஆயிற்று.


ராம்நாடு வக்கீல்:

வாத்தியார் ஐயா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு சட்டத்தையும் விளக்கினால்தான் சிரிப்பு வரும் என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள், எனக்கு அதுதான் அதன் பலமாகத் தெரிகிறது. செருப்பு வரிசை துக்கத்தைச் சொல்கிறது, சட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ரப்பர், சட்டப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தை அக்கம்பக்கமாகத் திறந்து வைத்துவிடுகிறது. எது யாரைக் காயப்படுத்தும், எதை அரசு தடுக்கிறது என்று. கோர்ட்டில் நாங்கள் அரை நாள் வாதாடிச் சொல்வதை ஒரு கேபிள் டையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்கள்.

அபராதம் போட்டார்களா என்று யாரும் கேட்கவில்லையே. போடவில்லை. யுனிவர்சிட்டி அதை அரசியல் கருத்து என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டது. அங்கே இதற்குப் பழைய அடித்தளம் இருக்கிறது. 1965-இல் டெமாயின் என்கிற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கருப்புப் பட்டை கட்டிப் போனதற்குப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969-இல் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு வந்தது. வாய் திறக்காமல் ஒரு பொருளை அணிவதும் பேச்சுதான் என்று. நம் ஊரில் அதே ரப்பரைக் கட்டிக்கொண்டு அரண்மனை வாசலில் நடந்து பாருங்கள், பழைய ஐ.பி.சி. 294, இப்போது பி.என்.எஸ். 296, மூன்று மாதம் வரை உள்ளே போடலாம். நானே வந்து ஜாமீன் எடுக்க வேண்டியிருக்கும், பீஸ் தனி.

ஆஸ்டினில் கோர்ட்டுக்கும் போனார்கள். மூன்று பெண் பேராசிரியர்கள், வகுப்பில் துப்பாக்கி இருக்கலாம் என்கிற பயத்தால் எங்களால் மனம் திறந்து பாடம் நடத்த முடியவில்லை, இது எங்கள் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். 2018-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். யாரோ ஒரு மாணவன் ஏதோ செய்யலாம் என்கிற உங்கள் ஊகம் வழக்குப் போடப் போதாது என்று சொல்லிவிட்டார்கள். பயம் என்பது கோர்ட்டில் நிற்காது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? ரோட்டில்தான்.

இன்னொன்று, பெரியண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். நம் அரசியலமைப்பில் 19(1)(b), கூட்டம் கூடும் உரிமை. "அமைதியாகவும் ஆயுதமின்றியும்" என்று அந்த உரிமைக்குள்ளேயே போட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஆயுதமே தனியாக ஒரு உரிமை, இரண்டாவது திருத்தம். நமக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு நம் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதையே கும்பெனி தடை செய்தது, வளரியைக்கூட விடவில்லை. 1878-இல் நாடு முழுக்க ஆயுதச் சட்டம். அந்த ஆத்திரத்தில்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. சுதந்திரம் வந்து எழுதும்போது அதை எடுத்துவிட்டார்கள். ஹவில்தார் அண்ணன் லைசென்ஸைப் புரட்டிப் பார்த்தால் தெரியும், திருவிழா, ஊர்வலம், கல்வி நிலைய வளாகம் இங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். டெக்சாஸ் எதை உள்ளே விடச் சொன்னதோ அதை நாம் லைசென்ஸ் தாளிலேயே வெளியே நிறுத்தியிருக்கிறோம். அதற்காக நம் ஊரில் வெட்டுக்குத்து இல்லையா என்றால், என் டைரியைப் பார்க்க வேண்டும் நீங்கள்.


கீழக்கரை காக்கா:

வாத்தியார் ஐயா, ஒரு வார்த்தை. தங்கச்சிமடத்தில் செத்தது நம் கரைப் பையன், அங்கே சிரிப்புக்கு இடமில்லை. ஆஸ்டினில் அன்றைக்கு யாரும் சாகவில்லை. இனி சாகலாம் என்பதற்கு எதிராகப் போராடுவது எப்படி? உடல் இல்லை, செருப்பு இல்லை, படம் வைத்து மாலை போட ஆள் இல்லை. சிரிக்க வைத்தாவது திரும்பிப் பார்க்க வைக்கலாம் என்று பார்த்தார்கள்.

சிரித்ததற்கும் சும்மா விடவில்லை. ஜெசிகா ஜின்னுக்குக் கொலை மிரட்டல் வந்தது. துப்பாக்கி ஆதரவாளர் ஒருவர், இந்தப் போராட்டத்துக்குப் போன ஒரு பெண்ணை வீட்டுக்குள் புகுந்தவன் சுட்டுக் கொல்வதாக ஒரு வீடியோவே எடுத்துப் போட்டார். அதைப் பார்த்த அன்றைக்கு எங்கள் அறையில் நாலு பேரும் சோறு வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்.


அக்காள்மடத்துக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் படகடியில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சின்னண்ணன், பெரியண்ணன், மகள், பெயின்ட் அடிக்க வந்த இரண்டு பையன்கள் எல்லாரும் இருந்தார்கள். காக்கா எழுதியதில் சில வரிகளை மட்டும் தாண்டிவிட்டேன், எந்த வரிகள் என்று உங்களுக்கே தெரியும்.

தங்கச்சிமடம் வந்த இடத்தில் பெரியண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பையனின் அப்பாவோடு ஒரே படகில் போனவர் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "மேல படி" என்றார். ஹவில்தார் ஐயாவின் கோத்துச் சமாச்சாரம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, இரண்டு தடவை படிக்கச் சொன்னார். விசாவில் இருப்பவள் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்றதும், "அவ ஏன் தொடப்போறா, பக்கத்துல இருக்கறவன் தொடுவானே" என்றார். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை. மகள்தான் சொன்னாள், "பெரியப்பா, நீங்க தினமும் கடலுக்குப் போறீங்க, நான் ஒருநாளாவது போகாதீங்கன்னு சொல்லியிருக்கேனா?" அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அடியில் இன்னொரு கோட்டு பெயின்ட் அடித்துவிட்டு வந்தார்.

வந்து உட்கார்ந்து, நெத்திலிக் கருவாடு கொண்டுபோக விடுவார்களா, விமானத்தில் வாடை அடிக்குமா என்று கேட்டார். அப்போதே எங்களுக்குப் புரிந்துவிட்டது. காக்கா, அந்த விவரம் தெரிந்தால் தனியாகச் சொல்லுங்கள். எத்தனை கிலோ, பார்மில் எழுத வேண்டுமா, எப்படிக் கட்ட வேண்டும் எல்லாம்.

ராத்திரி படுக்கப் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரொம்ப நேரமாக யோசித்துக்கொண்டிருந்திருப்பார் போல.

"ஏம்ப்பா, நாலாயிரம் சேவல்னு படிச்சியே. போராட்டம் முடிஞ்சதும் அத்தனையையும் என்ன பண்ணாங்க?"